ஜெர்மனி அட்டைக்குப் பர்கூர் காகிதம்

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை: "அங்க தங்கறதுக்கு அனுமதியைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கணுமாமே, ரொம்ப அலைய விடுவாங்களா?"

அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கும் மனைவிக்கும், அங்கேயே பிறந்த மகளுக்கும் தங்கும் அனுமதி அட்டை வாங்கிப் புதுப்பித்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஜெர்மனி அலுவலகத்தின் வரிசையில் நம் விஷயம் தீர்வதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் உள்ள பழைய பதிவேடுகளில் நம் பெயரும் ஊரும் எப்படி எழுதியிருக்கின்றனவோ, அதை வைத்துத்தான் தீர்கிறது. வெளிநாடு போகப் போகிற பிள்ளைகளிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விசா கிடைக்கிற வரைக்கும்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் பர்கூர் பக்கம். அரசு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, தெற்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர நகரத்துக்குப் போனேன். மனைவிக்குப் பாலக்கோடு.

முதலில் அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டினர் அலுவலகத்தை நம் ஆட்கள் ஏபிஎச் என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். அது ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரு நகரத்தில் எல்லாம் இணையத்தில், இன்னொரு நகரத்தில் இன்னமும் தபாலில். பக்கத்து நகரத்தில் நண்பனுக்கு நடந்ததை வைத்து நமக்கும் அப்படியே நடக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆனால் சட்டம் நாடு முழுவதும் ஒன்றே. நீட்டிப்புக் கட்டணம் 93 யூரோ. அட்டை பெர்லினில் அச்சாகி வருவதால், அதிகாரி சரி என்று சொன்ன பிறகும் சில வாரம் ஆகும். 2025 மே மாதத்திலிருந்து காகிதப் புகைப்படம் செல்லாது, டிஜிட்டல் படம் மட்டும்தான். ஊர் ஸ்டுடியோவில் மலிவாக எடுத்து ஒரு கட்டு கொண்டுபோகும் வழக்கம் இருந்தது. அந்த அலுவலகத்துக்கு அது இனி உதவாது.

அட்டையின் காலம் பாஸ்போர்ட்டின் காலத்தைத் தாண்டாது. வேலை ஒப்பந்தம் நிரந்தரமாக இருந்தாலும், பாஸ்போர்ட் இன்னும் ஒன்றரை வருடம்தான் என்றால் அட்டையும் பெரும்பாலும் ஒன்றரை வருடம்தான். ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம்தான் அட்டை. கன்சுலேட் வழியாகப் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது ஊர் முகவரிக்குப் போலீஸ் விசாரணை வரலாம். என் விஷயத்தில் வந்தது. ஊர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார், நான் எந்த நாட்டில் எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னார், முடிந்தது. வீடு பூட்டிக் கிடந்து, பக்கத்தில் யாருக்கும் விவரம் தெரியாமல் போனால் அந்த அறிக்கை இழுக்கும். அட்டை காலாவதியாகும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே பாஸ்போர்ட் தேதியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, பயப்படுகிறவர்களுக்காக. அட்டை முடிவதற்கு முன்பே விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகத் தங்கும் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. வேலை செய்யலாம், சம்பளம் வாங்கலாம். இதற்கு அத்தாட்சியாக ஒரு தாள் தருவார்கள், 13 யூரோ. நம் ஆட்கள் அதை "ஃபிக்‌ஷன்" என்று சொல்வார்கள். கையில் வாங்கியதும் அந்தத் தாளில் எந்த உட்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 4 என்றால் ஊருக்கு வந்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பலாம். 3 என்றால் அந்தத் தாளை மட்டும் நம்பி நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, திரும்பி நுழைய முடியாது.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த சமயம் என் கையில் இருந்தது இந்தத் தாள்தான். அட்டை முடிந்துவிட்டது, புதியது வரவில்லை. 4-ஆம் உட்பிரிவு என்பதால் துணிந்து கிளம்பினேன். நமக்கு பெங்களூரு விமான நிலையம்தான் பக்கம். அங்கிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கும் மியூனிக்குக்கும் நேரடி விமானம் உண்டு. அப்படிப்பட்ட நேரங்களில் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் நேரடி விமானத்தில்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. நடுவில் இன்னொரு நாட்டில் இறங்கினால் அந்த நாட்டு அதிகாரிக்கும் இந்தத் தாளை விளக்க வேண்டி வரும். பெங்களூரு கவுன்டரிலேயே அதைப் புரட்டிப் பார்த்து, மேலாளரைக் கூப்பிட்டார்கள். பழைய அட்டை, பாஸ்போர்ட், ஃபிக்‌ஷன் தாள், சட்டப் பிரிவின் ஆங்கில அச்சுப்படி, கம்பெனி கொடுத்த கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அவர் நிதானமாகப் படித்துவிட்டு போர்டிங் பாஸ் கொடுத்தார். அம்மாவைக் கூட இருந்து பார்த்துக்கொண்டு, வேலையையும் இழக்காமல் திரும்ப முடிந்தது அந்தக் கோப்பால்தான்.

இனி ஊர்க் காகிதத்துக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்பா பிறந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தருமபுரி தனி மாவட்டமானது. நான் பிறந்தது தருமபுரி மாவட்டத்தில். 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி கிருஷ்ணகிரி பிரிந்தது, என் பாஸ்போர்ட் வாங்கியது அதன் பிறகு. ஆகவே பிறப்புச் சான்றிதழில் தருமபுரி, பாஸ்போர்ட்டில் கிருஷ்ணகிரி. நமக்கு இதில் புதிராக ஒன்றும் இல்லை. ஆனால் ஜெர்மன் அதிகாரிக்கு ஒரு மனிதன் இரண்டு ஊர்களில் பிறந்தது போலத் தெரிகிறது. மகள் பிறப்பைப் பதிவு செய்யப் போனபோது அங்கிருந்த பெண் அதிகாரி கேட்ட முதல் கேள்வியே இதுதான். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் தன் வேலையைச் சரியாகப் பார்த்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்ட நிர்வாகங்களின் இணையப் பக்கங்களிலும் பிரிப்பு வரலாறு இருக்கிறது. அவற்றை அச்செடுத்து, ஜெர்மனில் ஒரு பத்தி விளக்கம் எழுதிச் சேர்த்தேன். கோப்பில் வைத்துக்கொண்டார், அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. 2004-க்கு முன் கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்த எல்லோருக்கும் இந்தச் சிக்கல் காத்திருக்கிறது. படிவத்தில் பிறந்த இடம் என்று கேட்டால் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், விளக்கத்தைத் தனித் தாளில் கொடுங்கள்.

மாவட்டம் மட்டும் அல்ல, தாலுகாவும் மாறியிருக்கிறது. பர்கூர் முன்பு தனித் தாலுகா கிடையாது. சூளகிரி ஓசூரோடு இருந்தது, காரிமங்கலம் பாலக்கோட்டோடு இருந்தது. பழைய பதிவேட்டைத் தேடும்போது இன்றைய அலுவலகத்தில் இல்லை என்று சொன்னால் பதிவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிறந்த வருடத்தில் அந்தக் கிராமம் எந்தத் தாலுகாவில் இருந்ததோ அங்கே தேட வேண்டும்.

அடுத்தது பெயர். எங்கள் வயதுக்காரர்களின் பிறப்புச் சான்றிதழில் பல நேரம் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். ஆண் குழந்தை, அப்பா பெயர், அம்மா பெயர், அவ்வளவுதான். பெயர் சூட்டுவதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள், அப்புறம் போய்ச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. பள்ளியில் சேர்க்கவும் வேலைக்கும் மாற்றுச் சான்றிதழும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் போதுமாக இருந்தன. ஜெர்மனியில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பிறப்புக்கு ஆதாரம் ஆகாது.

இனிஷியல் வேறு. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சர்நேம் இடத்தில், திருமணச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் அதே எழுத்து. மனைவிக்கு அவருடைய அப்பா பெயர். அங்கேயோ குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். என் பெயரின் பின்பாதி என் அப்பா, மனைவி பெயரின் பின்பாதி என் மாமனார், இரண்டுமே எங்கள் குடும்பப் பெயர் அல்ல என்பதை விளக்க நான் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் வாங்கிய உறுதிமொழிப் பத்திரம் எங்கள் விஷயத்தில் எடுபடவில்லை. மூல ஆவணத்தைத் திருத்துங்கள் என்றுதான் சொன்னார்கள். 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பிழை திருத்தத்துக்கு வழி இருக்கிறது. பதிவாளரிடம் மனு, கூடவே பள்ளிச் சான்றிதழும் பெற்றோரின் அடையாள அட்டையும். ஊரில் இருந்தால் நேரில் முடித்துவிடலாம். அங்கிருந்துகொண்டு வயதான அப்பாவை அனுப்பி முடிப்பது அவருக்குப் பெரிய பாரம். வெயிலில் அவர் கால்கடுக்க நின்றதை போனில் கேட்டுக்கொண்டு இருப்பது எனக்கு ஆறாத வேதனை.

கல்யாணப் பதிவில் நாங்கள் தப்பித்தது பாலக்கோட்டு மாமாவால். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். விருந்து முடிந்த கையோடு, "மாப்ள, மொதல்ல ரிஜிஸ்டர் ஆபீஸ், அப்புறம் மறுவீடு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பத்திரிகையில் அச்சடித்த பெயரில் பதியாமல், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில்தான் பதிய வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அந்தச் சான்றிதழ் ஒன்றில்தான் இதுவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்போது அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை வேறு நாட்டில் ஏற்றுக்கொள்வதற்காக அரசு போடும் முத்திரை. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் ஏஜென்ட்கள் ஜெர்மனி போகிற பிள்ளைகளிடம் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் போட்டுத் தருகிறேன் என்று பணம் வாங்குகிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்தியா 2005-இல் இந்த முத்திரைக்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே அந்த முத்திரைக்கு மதிப்பு இல்லை. வேறு பல நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது பயன்படும், ஜெர்மனிக்குப் பயன்படாது. கடன் வாங்கிப் போகிற பிள்ளைகளிடம் இப்படி வாங்கக் கூடாது.

அதற்குப் பதிலாக அங்கே நடப்பது ஆவணச் சரிபார்ப்பு. ஜெர்மன் அலுவலகம் கேட்டால், இந்தியாவில் உள்ள அவர்களுடைய தூதரகமோ துணைத் தூதரகமோ ஒரு வழக்கறிஞரை நியமித்து, நம் ஊருக்கே அனுப்பி விசாரிக்கும். செலவு நம்முடையது, காலம் மாதக் கணக்கில். மகள் பிறந்தபோது எங்களுக்கு இதுதான் நடந்தது. எங்கள் காகிதங்கள் சரிபார்க்கப்படும் வரை மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் தரவில்லை. பிறப்புப் பதிவேட்டின் நகல் மட்டும் தந்தார்கள், பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்ற குறிப்போடு. பெற்ற பிள்ளையின் தாளில் அந்த வரியைப் படித்த மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அது ஒரு நிர்வாகக் குறிப்பு, நம்மைச் சந்தேகிப்பது அல்ல என்று நானும் எத்தனையோ சொன்னேன்.

அங்கே பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்பு ஆவணம் வேண்டும். ஆக, மகளின் அட்டை அங்கே ஒரு மேசையில் நின்றது. அதை நகர்த்த வேண்டியவர்கள் பர்கூரிலும் பாலக்கோட்டிலும் இருந்தார்கள். நாங்கள் காத்திருக்காமல் பதிவேட்டு நகலை வைத்தே கன்சுலேட்டில் விளக்கிப் பாஸ்போர்ட் வாங்கினோம். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பத்தையும் போட்டுவிட்டு, மீதி ஆவணம் பின்னால் வரும் என்று எழுதிக் கொடுத்தோம். எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கெடு போய்விடும். முதலில் விண்ணப்பம், குறைந்த ஆவணம் பிறகு. இது எல்லோருக்கும் பொருந்தும்.

விசாரணைக்கு வந்தவர் கண்ணியமானவர். பதிவு அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்தார், நான் படித்த பள்ளிக்குப் போனார், கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டில் இருப்பவர் தெலுங்கு பேசும் வயதான அம்மா, என்னைத் தூக்கி வளர்த்தவர். "இந்த வீட்டுப் பையனைத் தெரியுமா, கல்யாணம் எப்ப ஆச்சு, பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டதும் பயந்துபோய், "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நம் ஊர்களில் தெருவில் வந்து விசாரித்தால் நிலத்தகராறு அல்லது போலீஸ் என்றுதானே அர்த்தம்? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். நல்ல வேளையாக அப்பா அந்நேரம் வந்து சேர்ந்து, அவரிடம் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு அந்த அம்மா கல்யாணச் சாப்பாட்டில் என்னென்ன போட்டார்கள் என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறார்.

அதனால் சரிபார்ப்பு நடக்கப் போகிறது என்று தெரிந்தால் வீட்டாரிடம் மட்டும் அல்ல, அக்கம்பக்கத்திலும் சொல்லி வையுங்கள். ஒத்திகை பார்க்கச் சொல்லவில்லை, அது தவறு. இப்படி ஒருவர் வருவார், தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள் என்று சொன்னால் போதும். பெண் வீட்டு ஊருக்கும் போவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கையால் எழுதிய பழைய தமிழ்ச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், கிளம்பும் முன்பே தமிழும் ஆங்கிலமும் உள்ள இன்றைய வடிவத்தில் புதிய படி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழிலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்க்க அங்கீகாரம் பெற்றவர்கள் அங்கே குறைவு, ஆங்கிலத்திலிருந்து என்றால் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாலக்கோடு, காவேரிப்பட்டணம் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கூட்டலோ அதையே கேட்டு வாங்குங்கள். பிறப்பே பதிவாகாமல் இருந்தால் அதற்கு வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும், நேரம் பிடிக்கும். வேலைக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் போதாது.

ஊத்தங்கரை, அரூர்ப் பக்கத்திலிருந்து இப்போது செவிலியர் பயிற்சிக்கும் தொழிற்பயிற்சிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் கிளம்புகிறார்கள். என்னிடம் கேட்பவர்களுக்கு இவற்றோடு இன்னும் இரண்டு சொல்கிறேன். அங்கே தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அலுவலகக் கடிதம் திரும்பிப் போய்விடும், அதில் உள்ள கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும்.

இரண்டாவது, ஊரில் நீண்ட நாள் தங்குவது பற்றி. சாதாரண அனுமதி அட்டை வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால், அட்டையில் தேதி மிச்சம் இருந்தாலும் அனுமதி செத்துவிடும். உயர்தகுதி வேலைக்கு வருபவர்களுக்குத் தரும் ப்ளூ கார்டு என்றால் பன்னிரண்டு மாதம். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் தங்க வேண்டி வந்தால், கிளம்பும் முன்பே அலுவலகத்துக்கு எழுதி, நீண்ட அவகாசம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம். ஆறு மாதம் கடந்த பிறகு எழுதினால் பயன் இல்லை. அம்மாவுக்கு மறுபடியும் ஏதாவது என்றால் உடனே அனுப்ப அந்தக் கடிதத்தை ஜெர்மனில் எழுதி, தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கும் அதையே கொடுத்து விடுகிறேன்.